டிராக்டர் மேல் நின்ற பாம்பு நிபுணர்

நான் ஒரு முட்டாள். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பாம்பைக் கண்டால் எனக்குக் கைகால் உதறும். அப்படிப்பட்டவன் பாம்பு விஷத்தில் முனைவர் பட்டம் வாங்கியதுகூடப் பெரிய தப்பில்லை. ஆய்வகத்தில் விஷம் என்பது குளிர்பெட்டியில், குப்பிக்குள் கிடக்கும் வெளிர்மஞ்சள் பொடி. பொடி யாரையும் துரத்தாது. முட்டாள்தனம் அதற்கப்புறம்தான். பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, ‘இந்த ஆய்வுக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?’ என்ற இடத்தில், ‘கரிசல் மண்ணில் பிறந்து, சிறுவயதிலிருந்தே பாம்புகளோடு பழகியவன்’ என்று எழுதிவிட்டேன். பழகியது உண்மைதான். அது வரும், நான் ஓடுவேன்.

அந்த வரி வேலை செய்துவிட்டது. காணொலி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இது போனால் ஆராய்ச்சிக்கே கும்பிடு போட்டுவிட்டு, ஆய்வகங்களுக்குக் கருவி விற்கிற கம்பெனியில் டை கட்டவேண்டியதுதான். பழைய ஆய்வகத்தில் ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் கோவில்பட்டி வீட்டில் உட்கார்ந்து பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் பாம்பின் விஷம் கொஞ்சம் மாறும். எங்கள் பக்கத்துச் சுருட்டை விரியனின் விஷத்தை, ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசி எவ்வளவு முறிக்கிறது என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் கயத்தாறு பக்கமிருந்து சித்தி போன் பண்ணினாள்.

“ஏலே, பருத்திமார் அடுக்குல சுருட்டை கெடக்கு. சட்டுனு வா.”

“தீயணைப்புக்குச் சொல்லுங்க சித்தி. அவிய வந்து பிடிப்பாவ.”

“சொல்லியாச்சு. அவிய வார வரைக்கும் நீ பாரு. எங்க வீட்ல பாம்பு டாக்டர் இருக்கான்னு தெருவே கேக்கச் சொல்லிட்டேன். மானத்த வாங்கிராத.”

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சித்தி வீட்டுக் களத்தில் கூடியிருந்தவர்கள் மந்திரிக்கு விடுவதுபோல் வழிவிட்டார்கள். விறகுக்காகக் காய்ந்த பருத்திச் செடிகளை அடுக்கிவைத்திருந்த பருத்திமார் அடுக்கை நோக்கி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். உள்ளேயிருந்து ‘சர்ர்’ரென்று ஒரு சத்தம். செதிலோடு செதில் உரசும் சத்தம் அது. அதைப்பற்றி நானே கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அடுத்து நினைவு வந்து பார்த்தபோது சித்தியின் டிராக்டர் சீட்டின்மேல் நின்றுகொண்டிருந்தேன்.

“ஏலே, பாம்பு கீழ கெடக்கு. நீ மேல நின்னு என்னத்தலே பாக்குதே?”

“இங்கனருந்துதான் சித்தி நல்லாத் தெரியுது.”

களமே சிரித்தது. சிரிக்காமல் நின்ற ஒரு பெண் மட்டும் டிராக்டர் பக்கத்தில் வந்தாள்.

“தம்பி, போன வருசம் எங்க வீட்டுக்காரவியள இதுதான் கடிச்சிது. ஊசி மேல ஊசி போட்டாவ. ஆனாலும் ரத்தம் நிக்க ரெண்டு நாளாச்சு. அது ஏன்?”

ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்தையெல்லாம் இந்த விஷம் தின்று தீர்த்துவிடும் என்றேன். ஊசி விஷத்தை முறித்தாலும், உடம்பு அந்தச் சத்தை மறுபடி உண்டாக்க நேரம் பிடிக்கும். இல்லாவிட்டால் எங்கள் ஊர் விஷத்துக்கு அந்த ஊசி சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். எது என்று இன்னும் யாரும் இங்கே சோதிக்கவில்லை. அதற்குத்தான் பணம் கேட்டிருக்கிறேன் என்றேன். அவள் விடவில்லை, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். பேச்சு முடிந்தபோது தரையில் நின்றிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, ஒருவர் நீளக் கம்பியால் பாம்பைத் தூக்கியதும் மறுபடி ஏறிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கணினித் திரையில் தேர்வுக்குழுவினர் நான்கு பேர். மனப்பாடமெல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசியில், நடுவில் இருந்த தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“பாம்புகளோடு பழகியவன் என்று எழுதியிருக்கிறீர்கள். வயலில் பாம்பு பிடிப்பவர்களோடு போகவேண்டிய திட்டம் இது. இதுவரை எத்தனை பாம்பைக் கையாண்டிருக்கிறீர்கள்?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் முகம் குறுக்கே வந்து நின்றது.

“ஒன்றுகூட இல்லை, மேடம்.”

பிறகு நிறுத்தத் தெரியவில்லை. டிராக்டர், சித்தி, களத்துச் சிரிப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓரத்தில் இருந்தவர் கேமராவை அணைத்துக்கொண்டார். சிரிக்கவா, பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடவா, தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டதையும் அப்படியே சொன்னேன். “அவருக்குப் பாதிப் பதில்தான் கொடுத்திருக்கிறேன், மேடம். மீதிப் பதில் அந்த வயலில்தான் கிடக்கிறது. பயம் போகும் என்று சொல்லமாட்டேன். பயந்துகொண்டே போவேன்.”

தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். அதுவரை ஏட்டுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்:

“மொதல்ல நல்ல பூட்ஸ் வாங்குங்க.”