வில்லுக்கரையில் பாடில்லை

எங்கள் ஊரான வங்காலையில் கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் நிறைய மீனோடு வந்தாலும், மீன்பாடு எப்படி என்று யாராவது கேட்டால், செத்தவீட்டுக்குப் போகிற முகத்தோடு "பாடில்லை" என்பார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்தநாள் அந்த இடத்தில் மீனைவிட வள்ளம் கூடிவிடும். அப்பா இந்தக் கலையில் தேர்ந்தவர். அதை அவர் காட்டுக்குள்ளும் கொண்டுபோவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா அந்த ஆவணி முடிய மடத்துக்குப் போகவிருந்தாள். உள்ளே போனவர் பிறகு எதற்கும் வெளியே வராத மடம். வீட்டில் அதைப் பற்றிக் குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள். எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. போகமுதல் என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, ஒரு புலி பார்க்கவேண்டும் என்றாள் அக்கா. சிறுத்தையைத்தான் எங்கள் பக்கத்தில் புலி என்பது. புலி பார்த்துவிட்டுக் கன்னியாஸ்திரியாகப் போகிறவளை இப்போதுதான் கேள்விப்படுவதாக அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லீவு நாளில் வில்பத்துக் காடு திருவிழாவாகிவிடும் என்று அப்பா ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தார். மாமா ஓட்டிய வான் வண்டியில் இருட்டோடு வெளிக்கிட்டோம். அப்படியிருந்தும் பெரிய வில்லில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ஜீப்புகள் நின்றன. காட்டுக்குள் தானாக நீர் தேங்கிக் கிடக்கும் குளத்தை வில்லு என்பார்கள். எல்லோரும் ஒரே பற்றைப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பற்றையும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லா வள்ளமும் நிற்கிற இடத்தில் வலை போடுவதில்லை என்று, வாசல் கந்தோரில் அனுமதி எடுக்கும்போது எங்களோடு ஏறிய வழிகாட்டிக்கே பாடம் எடுத்தார். தமிழ் தெரிந்த அந்தச் சிங்கள மனிதர் தலையைச் சொறிந்து, பாலை மரங்களுக்குள் ஒரு சின்ன வில்லு இருக்கிறது, பாதை மோசமென்பதால் யாரும் போவதில்லை என்றார். கோடையில் மற்றத் தண்ணீரெல்லாம் வற்ற அது மட்டும் வற்றாதாம். மத்தியானம் சனம் சாப்பிடத் திரும்புகிற நேரம் அங்கே போய், காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி நின்று, எஞ்சினை நிறுத்தி, வாயையும் மூடிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம் கிடைக்கலாம் என்றார். வாய் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு மணி நேரம் இருந்தோம். வான் அடுப்பாய்க் கொதித்தது. தாமரை இலைகளின் மேல் ஒரு பறவை நடந்து திரிந்தது, அவ்வளவுதான். பிறகு, எதிர்க்கரையில் வெயிலும் நிழலுமாய்க் கிடந்த நிலத்தில் ஒரு துண்டு எழுந்து நடந்தது.

அதுதான் புலி. பின்னால் இரண்டு குட்டிகள். தாய் குனிந்து தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம் எங்கள்வரைக்கும் கேட்டது. தலையைத் தூக்கி எங்களை ஒருமுறை பார்த்தது. நாங்கள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பூசையில் மணியடித்து முழங்காலில் நிற்கிற நேரத்தில்கூட நான் அப்படி அசையாமல் இருந்ததில்லை. இவ்வளவு அழகான ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது என்னைப் பார்த்தும்விட்டது என்ற நினைப்பில் மூச்சு விடவே பயமாயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா புலியைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்து இப்படி வீணாக்குகிறாரே என்று எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. மரங்கள் மறைத்ததால் அவர்களுக்குக் கரை தெரியவில்லை. தொப்பி போட்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசிய ஐயா ஒருவர், ஏதும் கண்டீர்களா என்று மெல்லக் கேட்டார். அப்பா செத்தவீட்டு முகத்தைப் போட்டுக்கொண்டார்.

"பாடில்லை ஐயா."

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு அது விளங்கவில்லை. என்ன பாட்டு என்று கேட்டார். நான் போன மாதம்தான் பத்துக் கட்டளையும் பாடமாக்கிக் கோயிலில் முதல்நன்மை எடுத்திருந்தேன். பொய் எத்தனையாவது கட்டளைக்கு விரோதம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

"அப்பா பொய் சொல்லுறார். அங்கால கரையில புலி குட்டியளோட நிக்குது."

ஜீப் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. புழுதி அடங்கியபோது கரையில் ஒன்றுமில்லை. மாமா எனக்குக் குட்டுவதற்குக் கையை ஓங்கினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ மாமா. நான் ஆசைதீரப் பாத்திட்டன்."

இனி நிற்க ஒரு காரணமும் இல்லாததால் வெளிக்கிட்டோம்.

சிலாவத்துறை தாண்டி வான் கடற்கரையோரமாக ஓடியது. குற்றம் முழுக்க என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். அதை எப்படியாவது சரிக்கட்டவேண்டுமே.

"அப்பா, அடுத்த ஆவணிக்கு அக்கா வரேக்க அந்த வில்லுக்கே போவம். நான் வாயே திறக்கமாட்டன்."

மாமா வானை ஓரமாக நிறுத்தினார். அப்பா இறங்கிப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்து நெடுநேரம் நின்றார். அக்கா என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒரு புலிக்காக அப்பாவுக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தபடியே நான் நித்திரையாகிப்போனேன்.