ஷீபாவுக்கு மட்டும் கேட்டேன், எல்லோருக்கும் தந்தார்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மைசூரில் நம் சபைக்கு வருகிற யாருக்கும் ஷீபாவைத் தெரியும். பாட்டு முடிந்த பிறகும் கைதட்டிக்கொண்டே இருப்பாளே, அவள்தான். என் ஒரே மகள். இருபத்தாறு வயதிலும் மனதளவில் சின்னக் குழந்தை. அவள் அப்பா இறந்த பிறகு எங்களுக்கு என் ஆசிரியை வேலைதான் ஆதாரம். காலையில் அவளைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விட்டுவிட்டு விஜயநகரில் உள்ள என் பள்ளிக்கு ஓடுவேன்.

போன வருடம் மழைக்காலத்தில், மையத்தை நடத்தும் அம்மா பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அரசு உதவித்தொகை இனிமேல் பதினெட்டு வயது வரைதானாம். பெரியவர்களுக்குக் கிடையாது. மார்ச் மாதத்தோடு மையத்தை மூடவேண்டும். சொல்லி முடிக்குமுன் அவரே அழுதுவிட்டார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. போனால் மகளை வீட்டில் வைத்துப் பூட்டவேண்டும். "ஆண்டவரே, மையத்தை நடத்த ஒரு பணக்காரரை அனுப்பும்" என்று முழங்காலில் நின்று கேட்டேன். வாரக்கணக்கில் கேட்டேன். யாரும் வரவில்லை.

வந்தவர் ரோஸ்மேரி அக்கா. ஓய்வுபெற்ற நர்ஸ். மூட்டுவலியோடு படியேறி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனும் ஷீபாவைப் போலத்தான். அவன் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. இந்த மையத்தால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

"பணக்காரங்க இந்த வருஷம் குடுப்பாங்க, அடுத்த வருஷம் மறந்துடுவாங்க கிரேஸ். நாம கவர்ன்மெண்ட்கிட்டயே கேக்கலாம். பட்ஜெட்ல வரணும். பிச்சை இல்ல, நம்ம பிள்ளைங்களோட பங்கு" என்றார்.

அன்றிலிருந்து அவரோடு நடந்தேன். நகரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடித் தேடிப் போனார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்கவில்லை. எந்த வீட்டிலும் முதலில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்பார். பிறகுதான் பெற்றோரிடம் பேசுவார். அந்த அழகை நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பட்ஜெட்டுக்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வந்தது. அக்கா என்னைப் பேசச் சொன்னார். மைக் முன்னால் போய் நின்றேன். உள்ளுக்குள் ஜெபித்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னேன்: "சார், பதினெட்டு வயசு ஆனதும் என் மகளுக்குக் குணமாயிடல. உங்க உதவி மட்டும்தான் நின்னு போச்சு."

மேடையிலிருந்த அதிகாரி "ஹௌதா?" என்று மெல்லக் கேட்டார். அப்படியா என்று அவர் கேட்ட விதத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. மறுவாரமே மையத்துக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். ஷீபா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, முன்னால் ஒரு தட்டு வைத்தாள். அவர் மறுக்காமல் பிள்ளைகளோடு சாப்பிட்டார்.

கிளம்பும்போது, "உங்க மையத்துக்கு மட்டும் இந்த வருஷம் ஏதாவது நிதியிலிருந்து ஏற்பாடு பண்றேன்மா" என்றார்.

நான் கும்பிடக் கையெடுத்தேன். அதற்குள் அக்கா சொன்னார்: "ரொம்ப சந்தோஷம் சார். ஆனா எங்களுக்கு மட்டும் வேண்டாம். ஊர்ல இருக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துத் திட்டமாவே போடுங்க சார்."

அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "கைக்கு வந்தத தள்ளிட்டீங்களே அக்கா! அவ என் பொண்ணு" என்று கத்தினேன். அக்காவின் கண் கலங்கியது. "அடுத்த தெருவுல பூட்டின வீட்டுக்குள்ள ஒருத்தன் ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு நிக்கறானே கிரேஸ். அவனும் ஒரு அம்மாவுக்குப் பிள்ளதானே?" என்றார்.

அன்று என்னால் ஜெபிக்க முடியவில்லை. மறுநாள் காலையில்தான், "ஆண்டவரே, அந்தப் பையனுக்காகவும் கேட்கிறேன்" என்றேன். அதுவரை என் ஜெபத்தில் வேறு யார் பிள்ளையும் வந்ததில்லை. சொன்னதும் மனம் லேசானது. அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் அவரோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன்.

பட்ஜெட் வந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். அக்கா போன் செய்தார். அழுகைதான் கேட்டது. பயந்துபோனேன். பிறகு சொன்னார்: "வந்துருச்சு கிரேஸ். வயசு வரம்பு இல்லாம, எல்லா மையத்துக்கும் வந்துருச்சு!" பிள்ளைகள் பார்க்க, கரும்பலகை முன்னாலேயே முழங்காலில் நின்றேன்.

மையம் மூடவில்லை. ஷீபா தினமும் சிரித்துக்கொண்டு போகிறாள். ஜன்னலில் நின்ற அந்தப் பையன், அவன் பெயர் இம்ரான், இப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இப்படி ஒரு மனுஷியை என் வாசலுக்கு அனுப்பிய தேவனுக்கு நான் என்ன சொல்லி நன்றி செலுத்துவேன்!

இப்போது பக்கத்து மாவட்டத்து ராமாபுரத்திலிருந்து ஒரு தாய் கூப்பிட்டிருக்கிறார். அவர் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு மையமே இல்லை. வருகிற திங்கட்கிழமை ரோஸ்மேரி அக்காவும் நானும் அவரோடு சாமராஜநகர் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறோம். உங்கள் பாரம் எதுவானாலும் கர்த்தரிடம் சொல்லுங்கள்; பக்கத்து வீட்டாரின் பாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். முடிந்தவர்கள் திங்கட்கிழமை எங்களோடு பஸ் ஏறுங்கள்.