கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு

1. கேள்வி கேட்டவன்

செல்வின் வேலைக்குச் சேர்ந்த அன்று அவனுக்கு ஆம்புலன்ஸைச் சுற்றிக் காட்டியவன் நான்தான். ராஜபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் அப்போது இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று பதினாறு வருஷமாக என் கையில் இருந்தது. இன்னொன்றின் டிரைவர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்கு இவன் வந்தான். அதற்கு முன்னால் ஸ்கூல் வேன் ஓட்டியவன்.

"சைரன்ல மூணு சத்தம் இருக்கு. நீளமாப் போறது வெளி ரோட்டுக்கு. வெட்டி வெட்டி அடிக்கிறது ஊருக்குள்ள. மூணாவது, எவனாவது மறிச்சு நின்னா" என்று சொல்லிக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இது எதிர்ல வாற பஸ்காரனுக்குக் கேக்குமா?" என்றான்.

"கேக்காம எங்க போகும்."

"கேக்கும் சரி. எங்கருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

நான் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தேன். "ஸ்கூல் வேன்ல பிள்ளைகளோட இருந்து இருந்து தம்பிக்குக் கேள்வி கேக்குற பழக்கம் வந்துருச்சு" என்றேன். வாட்ச்மேனும் சிரித்தார். செல்வினும் சிரித்தான்.

பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அதை ஒருத்தன் முதல் நாளே கேட்டுவிட்டான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகு தூக்கம் போய்விட்டது.

2. மூன்று சொல்

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழி விடக் கூடாது என்று நினைக்கிற டிரைவரை நான் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் தவிக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குள் பாட்டு ஓடும். பக்கத்து லாரியின் இரைச்சல் வேறு. சத்தம் காதில் விழும்போது நாம் அவர் முதுகில் நிற்போம். பதறிப்போய் நடுரோட்டில் பிரேக் போடுவார். ஒருவர் இடது பக்கம் ஒதுங்குவார், இன்னொருவர் வலது பக்கம் ஏறுவார். நாம் நடுவில் மாட்டிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு வண்டிக்கும் ஜி.பி.எஸ். பெட்டி வைத்தார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்குத் தெரியும். எதிரே வருகிற பஸ்காரருக்குத் தெரியாது.

செல்வின் செய்தது இதுதான். ஓய்வு நேரத்தில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் போய் நின்றான். கண்டக்டர்களோடு டீ குடித்தான். மினி பஸ், லோடு வேன், தேங்காய் லாரி என்று ஒவ்வொருவராகப் பேசி வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தான். பேசுவது ஆம்புலன்ஸ்காரர்கள் மட்டும். மற்றவர்கள் கேட்பது மட்டும். வண்டி ஓட்டுகிற யாரும் போனைத் தொடக் கூடாது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டு டிரைவர் தோளைத் தட்டுவார். லாரியில் கிளீனர். ஆம்புலன்ஸில் பின்னால் இருக்கிற நர்ஸோ உதவியாளரோ குரல் பதிவு அனுப்புவார்கள். அதிலும் மூன்றே விஷயம்: எந்த இடம், எந்தப் பக்கம் போகிறோம், உள்ளே ஆள் இருக்கிறதா.

"செல்வின் வண்டி. கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு. மதுரை பக்கம். ஆள் இருக்கு."

அவ்வளவுதான். இதைக் கேட்ட பஸ், இரண்டு நிமிஷம் முன்னாலேயே அகலமான இடம் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். அவன் சைரனைப் பாதி நேரம் போடுவதேயில்லை என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஒருநாள் திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் என் கண்ணாலேயே பார்த்தேன். ரோடு கோடு கிழித்த மாதிரி திறந்து கிடக்க, அவன் வண்டி சத்தமில்லாமல் போனது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3. இடி மாதிரி

ஒரு டீக்கடையில் கந்தையாவைப் பார்த்தேன். ராஜபாளையம்–மதுரை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அவர் பேச்சைக் கேட்கவே அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டு.

"செல்வின் வண்டி மழை மாதிரி அண்ணாச்சி. மேகம் கறுக்கும், காத்து அடிக்கும், வாரது தெரியும். ஒங்க வண்டி இடி. தலையில விழுந்த பொறவுதான் தெரியும்" என்றார்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சட்டைக்குள் எரிந்தது.

வீட்டுக்குப் போனால் என் மனைவி, "செல்வின் தம்பி ஏதோ குரூப் வச்சிருக்காமே? நம்ம செட்டியார்பட்டி முழுக்க அதே பேச்சுதான். நீங்க சேரலையா?" என்றாள்.

"எனக்கு எவனும் வழி காட்ட வேண்டாம்."

"வழி காட்டச் சொல்லலையே. வழி கேக்கத்தான சொல்றாங்க" என்றாள்.

நோயாளிகளின் வீட்டார் வந்து, "செல்வின் அண்ணன் வண்டி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் பக்கத்திலேயே சாவியோடு நிற்பேன். ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவிய வர எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வென்டிலேட்டர் வைத்த புது ஆம்புலன்ஸ் வரப் போகிறது என்று சொன்னார்கள். அதை ஓட்டப் போவது எங்கள் இருவரில் ஒருவர். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "மதுரை டிரிப் ஒவ்வொண்ணுக்கும் பொறப்பட்ட நேரம், சேந்த நேரம் பாத்துட்டு வாரேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வேறொன்றும் தேவைப்படவில்லை. அந்த வண்டி எனக்கு வேண்டும். அது செல்வினுக்குப் போகக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால், இரண்டாவதுதான்.

4. ஒரு ஊர் முன்னால்

மறுநாளே குரூப்பில் சேர்ந்தேன். செல்வின் மெனக்கெட்டு எல்லோருக்கும் சொன்னான்: "பெருமாள்சாமி அண்ணாச்சி சேந்திருக்காவ. ரோட்டுல நம்ம எல்லாருக்கும் மூத்தவிய." அந்த மரியாதைகூட எனக்குக் குத்தியது.

என் வண்டியில் மெர்சி என்று ஒரு நர்ஸ். முதல் டிரிப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது போனை எடுத்தாள். "என்ன சொல்லட்டும்ணே?"

"கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சுன்னு சொல்லு."

அவள் வெளியே பார்த்தாள். "இப்பத்தானண்ணே ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுறோம்."

"சொல்லும்மா. போய்ச் சேரயில அது சரியாப் போயிரும்."

சொன்னாள். கிருஷ்ணன்கோவிலுக்குப் போனால் அங்கிருந்து வெகுதூரத்துக்கு ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பஸ்கள் எனக்காக எப்போதோ ஒதுங்கி நின்றுகொண்டிருந்தன. அன்று செல்வினைவிட நான்கு நிமிஷம் குறைவு. எனக்கு ருசி கண்டுவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரில் இருந்தாலும் அடுத்த ஊரைச் சொன்னேன். கிருஷ்ணன்கோவிலில் இருந்துகொண்டு நத்தம்பட்டி என்றேன். நத்தம்பட்டியில் அழகாபுரி என்றேன். மெர்சி முதலில் மறுத்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். மேனேஜர் ஒருநாள், "பெருமாள், கலக்குறீங்க" என்றார். செல்வின் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார். அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரம் மென்றேன்.

நான் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்காக ஒதுங்கி நின்ற பஸ்களில் ஆட்கள் கத்தினார்கள். "ஆம்புலன்ஸு எங்கப்பா? ஆகாயத்துல வருதா?" என்று கண்டக்டரைக் கேலி செய்தார்கள். டிரைவர்கள் கொஞ்ச நாளில் தாங்களாகவே ஒரு கணக்குக்கு வந்துவிட்டார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூத்தவன் அல்லவா.

5. வைக்கோல் டிராக்டர்

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மதுரையில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அழகாபுரி பக்கம் வரும்போது மெர்சியின் போனில் செல்வின் வண்டியிலிருந்து குரல் வந்தது.

"செல்வின் வண்டி. கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு. மதுரை பக்கம். ஆள் இருக்கு. பாம்புக்கடி."

நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் எத்தனை மணிக்குப் புறப்பட்டிருப்பான், என்னைவிட எத்தனை நிமிஷம் முன்னால் போவான் என்று மனசு கூட்டிக் கழித்தது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த குரல். அவன் உதவியாளருடையது. மூச்சு வாங்கியது. "வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு. நத்தம்பட்டில. பக்கத்துல வேற ஆம்புலன்ஸ் இருக்கா?"

போய்ச் சேர்ந்தபோது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டில் நின்றது. அதற்குப் பக்கத்தில் குறுக்காகக் கந்தையாவின் பஸ். எதிர்ப்பக்கம் செல்வின் வண்டியின் முன்சக்கரம் ஓரப் பள்ளத்தில் கிடந்தது. மதுரையிலிருந்து வந்த பஸ், டிராக்டரைத் தாண்ட வலது பக்கம் ஏறியிருக்கிறது. எதிரே ஆம்புலன்ஸ். செல்வின் ஒடித்துப் பள்ளத்தில் இறக்கியதால் மோதல் தப்பியது. அவன் நெற்றியில் ரத்தம். உள்ளே மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி, தோட்டத்தில் கட்டுவிரியன் கடித்தவள். முப்பது வயது இருக்கும். மூச்சு தானாக வரவில்லை. உதவியாளர் பலூனை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார். புருஷன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, மெசேஜ் வரலையா ஒமக்கு?" என்று கந்தையாவிடம் கத்தினேன்.

"வந்துச்சு அண்ணாச்சி. கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சுன்னு வந்துச்சு." அவர் டிராக்டரைக் காட்டினார். "ஒங்க ஆஸ்பத்திரி வண்டின்னா, யாரு ஓட்டுனாலும் ஒரு ஊரு கழிச்சுக்கிடுவோம். அம்புட்டுப் பேரும் அப்பிடித்தான். இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருப்பாக, டிராக்டரத் தாண்டிருவோம்னு நாந்தான் டிரைவர்ட்ட சொன்னேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ரோட்டு வழக்கத்தைச் சொன்னார். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குள் அப்படி இறங்கியது. மெர்சி தரையைப் பார்த்தாள். செல்வின் என் முகத்தைப் பார்த்தான். நான் வருஷக்கணக்காக ஓட்டுகிற ரோட்டை மூன்று மாதத்தில் பொய் பழக்கிவிட்டேன், அந்தப் பொய்யில் விழுந்தவன் அவன். அது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"அண்ணாச்சி, மொதல்ல ஆள மாத்துவோம்" என்றான்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த நேரத்திலும் அவன் என்னைவிட நல்லவனாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

6. நிற்கிற இடம்

ஸ்ட்ரெச்சரை என் வண்டிக்கு மாற்றி, வண்டியைத் திருப்பினோம். உதவியாளர் பலூனோடு உள்ளே ஏறினார். மெர்சி போனை எடுத்து என்னைப் பார்த்தாள். "என்னண்ணே சொல்ல?"

நத்தம்பட்டி என்று உண்மையைச் சொன்னால், எல்லோரும் ஒரு ஊர் கழித்துக்கொண்டு நான் இன்னும் கிருஷ்ணன்கோவிலில் இருப்பதாக நினைப்பார்கள். இன்னொரு பஸ் இன்னொரு டிராக்டரைத் தாண்டும். முழுசாகச் சொல்வது தவிர வேறு வழி இல்லை. குரூப்பில் மேனேஜரும் இருந்தார். இத்தனை நாள் அவர் எதையும் போட்டுக் கேட்டதில்லை. இதை யாராவது அவரைக் கேட்க வைப்பார்கள். புது வண்டி அதோடு போயிற்று. அதுவும் தெரிந்தது.

"போனை எம் பக்கத்துல பிடி" என்றேன்.

"நான் பெருமாள்சாமி பேசுறேன். இத்தன நாளும் ஒரு ஊரு முன்னால சொல்லி ஒங்கள ஏமாத்திட்டேன். செல்வின் ஒருநாளும் பொய் சொன்னதில்ல. இப்ப நத்தம்பட்டில நிக்கேன். நெசமாவே நத்தம்பட்டி. மதுரை பக்கம் வாரேன். உள்ள ஒரு பொம்பளப் பிள்ள மூச்சுக்குக் கெடக்கு. யாரும் கழிச்சுக்கிடாதீங்க."

அதன் பிறகு மெர்சி ஒவ்வொரு ஊரையும் அந்த ஊரின் போர்டுக்கு நேராக வரும்போது சொன்னாள். அழகாபுரிவரை எனக்கு உயிரில்லை. அங்கே ஒரு மினி பஸ் முழுசாக இறங்கி மண்ணில் நின்றது. கல்லுப்பட்டியில் முன்பின் தெரியாத ஒரு கண்டக்டர் நடுரோட்டில் இறங்கித் துண்டை வீசி மற்ற வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது சைரனைத் தொடவேயில்லை. ரோடு திறப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் உள்ளே இருந்து பார்த்தேன். செல்வின் தினமும் இதைத்தானே பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதும் ஒரு எரிச்சல்.

அந்தப் பெண் பிழைத்தாள். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்தாள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க குரலக் கேட்டேன் பெருமாள்" என்றார். புது வண்டியின் சாவி செல்வினுக்குப் போனது. நான் ஓய்வு பெறும்வரை பழைய வண்டியையே ஓட்டினேன். நான் சொல்லும் ஊரிலிருந்து ஒரு ஊரைக் கழிக்கிற பழக்கம் ரோட்டை விட்டுப் போக ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு டிரிப்பிலும், "நெசமாவே" என்ற வார்த்தையைச் சேர்த்துத்தான் மெர்சி பேச வேண்டியிருந்தது. செல்வின் வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

7. கடிகாரம்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கந்தையாவின் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அவர் பையிலிருந்த போன் பேசியது.

"செல்வின் வண்டி. மம்சாபுரம் விலக்கு தாண்டியாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். ஆள் இருக்கு."

கந்தையா டிரைவர் தோளைத் தட்டினார். பஸ் ஒதுங்கி நின்றது. நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ரோடு பிரிகிற அந்த விலக்கிலிருந்து நாங்கள் நின்ற இடத்துக்கு எத்தனை நிமிஷம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு நிமிஷம். உள்ளே இருக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன். செல்வின் சொன்ன இடம் மட்டும் கொஞ்சம் தப்பாக இருக்கட்டும் என்றும் கூடவே வேண்டிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, மணி பாக்கீங்க?" என்றார் கந்தையா. அவருக்கு எல்லாம் தெரியும்.

"சும்மாதான்."

இளம் டிரைவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பொறாமைப்படாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கே முடியவில்லை. உன் வண்டி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தைச் சொல். ரோடு உன் வாயை வைத்துத்தான் அடுத்தவன் வண்டியையும் எடை போடுகிறது.

இரண்டு நிமிஷம் முடிகிற நேரத்தில் வெள்ளை வண்டி எங்களைக் கடந்து போனது. சைரன் போடவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்கு வணக்கம் வேறு வைத்துவிட்டுப் போனான்.