ஊஃபரை எங்கே வைப்பது

முதலில் உள்ளங்காலில்தான் அந்தச் சத்தம் ஏறும். பிறகு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அதற்கப்புறம்தான் பாட்டு என்று ஒன்று காதுக்கு வரும். போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு நடு அறையில் அப்பா வாங்கி வைத்த இரண்டு ஸ்பீக்கர்களும், "ஊஃபர்" என்று தெருவே பெயர் சொன்ன கறுப்புப் பெட்டியும் செய்த வேலை அது.

அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிய அப்பா, விடியுமுன் போடிமெட்டு ஏறி, பொழுது சாய இறங்கி வருவார். வளைவு வளைவாக இறங்குவதில் காது அடைத்துப்போகும். மலைக்குப் போய்வரும் எல்லோருக்கும் உள்ளதுதான். இவரோ அந்த அடைத்த காதோடு, வந்ததும் வராததுமாக, "சத்தமே பத்தலையே" என்று ஊஃபரை அதிர்வு இன்னும் கூடும் மூலைக்குத் தள்ளி, சத்தத்தையும் கூட்டிவிடுவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று, "இந்தாளுக்குச் சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று திட்டிவிட்டுப் போவார். பள்ளியில் நடந்ததைச் சொல்ல அந்தி வரை காத்திருந்த என் பேச்சும் அந்தக் காதில் விழாது. எனக்கு அழுகையாக வரும்.

ஒரு விடுமுறைக் காலையில், காது தெளிந்திருந்தபோது போட்டுக் கேட்டு அவரே அரண்டுபோனார். மறுநாள் மாலை ஊஃபரைத் தூக்கித் தான் உட்காரும் நாற்காலி மேல் வைத்தார். பெட்டி நாற்காலியில் இருக்கும்போது எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் நாற்காலியிலும் சீராகக் கேட்கும் என்பது கணக்கு. "ஆத்தா, நீ மலைக்கு வராமக் கீழயே இருந்தவ, ஒங் காது தெறந்திருக்கு. செவுத்தோரமாத் தவழ்ந்து போயி, எங்கன குமுறாமக் கேக்குதுன்னு சொல்லு. அங்கன பெட்டிய வச்சுருவோம்" என்றார். நான் தவழ்ந்து, இடத்துக்கு இடம் தலையைத் தூக்கிச் சொல்லச் சொல்ல, காதைக் குவித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அம்மா போனதிலிருந்து அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஜன்னலுக்குக் கீழே சத்தம் சீராக வந்தது. சொன்னேன். பெட்டியை அங்கே இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே சரியாகக் கேட்கும் இடம் ஒன்றுதான். அதில் ஒருவர்தான் உட்கார முடியும். நான் அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியை நகர்த்தவே இல்லை.

அப்பா இப்போது இல்லை. நான் கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறேன். போன வாரம் வாங்கிய ஸ்பீக்கருக்கு யாரும் தவழ வேண்டியதில்லை. உட்காரும் இடத்தில் போனை வைத்தால், தானே ஓசை எழுப்பித் தானே அறையை அளந்துகொள்கிறது. இருவர் சேர்ந்து செய்த வேலை, அப்பா பேச்சில் "சோலி", ஒழிந்துவிட்டது. அளக்கத் தொடங்குமுன், முடியும்வரை அறையில் யாரும் பேச வேண்டாம் என்று திரையில் எழுத்து வந்தது. அதற்கென்ன, காலையிலிருந்து இந்த வீட்டில் யாரும் பேசியிருக்கவில்லை.