கயிறு இழுக்காத மோட்டார்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்குக் கைவேலைக்காரி என்று நல்ல பெயர். கோபம் மட்டும் மூக்கு நுனியில். புருஷன் கண்ணாடி பொருத்துகிறவர். ஏணியில் நின்று ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவர், இப்போது சட்டைக்குள் வலது கையை நுழைக்கவே அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

அவரிடம் ஒரு சின்ன அலுமினியப் படகு உண்டு. லீவு நாளென்றால் ஏரிதான், தூண்டில்தான். அப்படி ஒரு லீவு நாளில், அவள் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தாள். “மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்” என்று கிளம்பினவர் வரவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். போன் அடித்தது. ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று இழுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று கடுப்பில் துண்டித்தாள். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தாள். பிறகு போனையே அணைத்துத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டுத் தனியாகப் புறப்பட்டுப் போனாள்.

அங்கே ஏரி நடுவில் மோட்டார் நின்றுபோயிருந்தது. காற்று படகை நாணலுக்குள் தள்ளியது. மனிதர் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். மோட்டார் கிளம்பவில்லை, தோளில்தான் ஏதோ ‘பட்’டென்று அறுந்தது. இருட்டும் நேரத்தில் வேறொரு படகுக்காரர் கண்டு கரைக்கு இழுத்து வந்தார். தசைநார் கிழிந்திருக்கிறது, இனி ஏணியும் கனமும் வேண்டாம் என்றார் டாக்டர். அதிலிருந்து கடைக்குள் உட்கார்ந்து கண்ணாடி அறுக்கிற வேலைதான் அவருக்கு.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “இவளுக்குத்தான் போன் அடிச்சேன். அந்த ஏரியில லைன் எங்க நிக்குது? கட்டாயிட்டே இருந்துச்சு” என்று அவராகவே சொன்னார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல அவள் டீ டம்ளர்களோடு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள்.

பழைய மோட்டார் இனி தேறாது என்று மெக்கானிக் கைவிரித்தபின், புதிது பார்க்க இருவரும் போனார்கள். கடையில் மரச்சட்டங்களில் மோட்டார்கள் வரிசையாகத் தொங்கின.

“எத்தனை குதிரைத்திறன் தாங்கும் உங்க படகு?” என்றார் கடைக்காரர்.

“பத்துக்கு மேல கூடாதுன்னு படகுத் தகட்டுல போட்டிருக்கு” என்றாள் அவள். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரத்தை முந்தின நாளே தையல் டேப்பால் அளந்து வைத்திருந்தாள். அதையும் சொன்னாள்.

“அப்போ குட்டைத் தண்டு போதும். நீளமானது மாட்டினா கரையில அடி தட்டும்.” எட்டுக் குதிரைத்திறனில் இரண்டைக் காட்டினார். ஒன்று கயிறு இழுப்பது, மற்றது பட்டன் அமுக்குவது.

“பட்டன்தான்” என்றாள் அவள்.

“சும்மா இரு. அது கனம், அதுக்கு பேட்டரி வேற. சின்னப் படகு, பின்னாடி குந்திட்டு மூக்கைத் தூக்கும்” என்றார் புருஷன். “கயிறே போதும். இடது கையால இழுத்துக்கறேன்.”

இழுத்தும் காட்டினார். உடம்பு முறுக்கிக்கொண்டதில் கெட்ட தோளும் சேர்ந்து இழுபட்டது. முகத்தில் ரத்தம் வற்றிப்போய், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “லைன் கட்டாகலைங்க. நான்தான் கட் பண்ணேன். கோவத்துல போனையே அணைச்சுட்டேன்.”

கடைக்காரர் ஏதோ எடுக்கப் போகிறவர் போல உள்ளே நழுவினார்.

புருஷன் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, “ரெண்டு தடவை கட்டாச்சு, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். வீட்ல உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தேன்” என்றார். “இல்லேன்னா அப்படி வெறி பிடிச்ச மாதிரி எதுக்கு இழுக்கப் போறேன்?”

மோட்டார் வாங்காமலே வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை அவர் அவளைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே சட்டையோடு மல்லுக்கட்டினார். வெளியே நின்று அந்த முனகலைக் கேட்டாள் அவள். நாலு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று.

ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “பட்டன் வச்சதே வாங்கலாம். பேட்டரியை முன்பக்கம் வச்சா கனம் சரியாயிடும். வயர்தான் நீளமா வேணும்.”

“கோவம் போயிடுச்சாங்க?”

“நான் மோட்டாரைப் பத்திப் பேசறேன்.”

வாங்கினார்கள். பேட்டரியைத் தூக்க ஆள் வேண்டுமே, அவளும் முதல் தடவையாக ஏரிக்குப் போனாள். முன்பலகைக்கு அடியில் பேட்டரியை இறக்கி, அவளையும் அங்கேயே உட்காரச் சொன்னார். இடது கைக் கட்டைவிரலால் பட்டனை அமுக்கியதும் மோட்டார் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. படகு மூக்கைத் தூக்கவில்லை.

ஏரியின் அக்கரைப் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். “அங்கதான்” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாணல் ஆளுயரம் நின்றது. புறப்பட்ட கரை கண்ணுக்கே தெரியவில்லை. கத்தினால்கூட யார் காதிலும் விழாது. இவ்வளவு தூரம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏதோ சொல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

“முன்னாடி பாரு. நீ திரும்பினா படகு சாயுது” என்றார் அவர்.