பின்சீட்டுக்குக் கீழே

நேற்றுக் காலை எங்கள் வீட்டு மிக்சி கருகிப்போனது. சட்னி பாதியில் நிற்க, சமையலறை முழுக்க ஒயர் தீய்ந்த வாசனை. ஜன்னலைத் திறங்கள் என்றாள் மனைவி. நான் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலையில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாகவே காலத்தைக் கழித்தவன் நான். ஆனாலும் இந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்குத் தொழிற்சாலை நினைவுக்கு வருவதில்லை. நாகராஜின் வெள்ளை அம்பாசிடர்தான் வரும்.

விருதுநகர்ப் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த நண்பன் அவன். சூளகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், மாநில எல்லையிலிருக்கும் ஜூஜுவாடி தாண்டினால் கன்னடம். நான் மூன்றுக்கும் தலையாட்டுவேன். அந்தப் பழைய காரை அவன் வாங்கியபோது, நானூறு வோல்ட்டில் வேலை செய்கிறவனுக்குப் பன்னிரண்டு வோல்ட் ஒரு விஷயமா என்று நான் வேறு வாயை விட்டுவிட்டேன்.

வண்டி நாள்கணக்கில் ஒழுங்காக ஓடும். திடீரென்று ஒருநாள் இருமி, குலுங்கி, நின்றுவிடும். முன்பு வைத்திருந்தவர் பின்பக்கம் மின்சார பெட்ரோல் பம்ப் ஒன்று பொருத்தியிருந்தார். நிற்கும்போதெல்லாம் அந்தப் பம்பின் ஃபியூஸ் போயிருக்கும். புது ஃபியூஸ் போட்டால் ஓடும். ஏன் போகிறது என்பதுதான் தெரியவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். காயிலை மாற்றினேன். எர்த் ஒயரை உப்புத்தாளால் தேய்த்தேன். எல்லாம் பானெட்டுக்குள்தான். ஒவ்வொரு முறையும் “இனிமே நிக்காது பாரு” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வேன். நாகராஜ் நல்லவன், நம்புவான்.

நான் கவனிக்காத ஒன்றை அவன் சொந்தக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். வண்டி நின்ற நாளெல்லாம் அதில் அவனுடைய அக்கா இருந்திருக்கிறார்.

முனியம்மாக்கா கணவரை இழந்தவர். தொழிற்சாலை கேன்டீன் ஒன்றில் சமையல் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். நல்ல பருமனான உடம்பு, குறைந்த பேச்சு. எனக்கும் நாகராஜுக்கும் ஒரே அளவு சோறுதான் போடுவார்.

நாகராஜின் நிச்சயதார்த்தம் ஊத்தங்கரையில், பெண் வீட்டில். அவனுடைய தாய்மாமா பெரியவர் என்பதால் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் நானும் அக்காவும், எங்கள் நடுவே பழத்தட்டு. குருபரப்பள்ளி நெருங்கும்போது வண்டி இருமியது. ஃபியூஸ் மாற்றினேன். எல்லோரும் இறங்கி நிற்க, நாகராஜ் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. எல்லோரும் ஏறினோம். இரண்டு புளியமரம் தாண்டுவதற்குள் மறுபடி நின்றது.

மாமா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது.

“நல்ல காரியத்துக்குப் போறப்ப இவ இன்னாத்துக்குன்னு கேக்கறாரு” என்றான் நாகராஜ். பிறகு மாமாவிடம் தமிழிலேயே சொன்னான், நானும் கேட்கவேண்டும் என்பதுபோல. “அக்கா வரலன்னா நானும் வரல. வண்டி இங்கயே நிக்கட்டும்.”

“பொண்ணு வீட்டுல காத்துனு இருப்பாங்கடா” என்றார் மாமா.

“இருக்கட்டும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே மண்டைக்குள் ஏதோ ஒன்று திரும்பியது. ஓடிப்போய் அக்காவை நிறுத்தினேன். “அக்கா, ஒரே ஒரு தடவை ஏறி உக்காருங்க, பாத்துருவோம்.”

“வேணாம் தம்பி. பாத்த வரைக்கும் போதும்.”

திரும்பி வந்து ஃபியூஸ் போட்டுச் சாவியைத் திருப்பினேன். பின்னால் பம்ப் டிக்டிக்கென்று அடித்தது. அக்கா இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் நான் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன். டிக்டிக் நிற்கவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் அக்காவைவிடவும் கனம்.

“மாமா, இங்க கொஞ்சம் குந்துங்க” என்று அவர்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டேன்.

எதற்கென்று தெரியாமல் வந்து சாய்ந்து உட்கார்ந்தார். சீட் கிறீச்சிட்டு அமிழ்ந்தது. டிக்டிக் நின்றது. லேசாக ஒயர் தீய்ந்த வாசனை எழுந்தது.

அவரை இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்கினோம். பம்புக்குப் போகும் ஒயர் ஸ்பிரிங்குக்கு அடியில் நசுங்கி, ரப்பர் தேய்ந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. கனமாக யார் உட்கார்ந்தாலும் ஸ்பிரிங் அதைத் தகரத்தோடு அழுத்தும், ஃபியூஸ் போய்விடும். டேப் சுற்றி, ஓரமாக ஒதுக்கிக் கட்டினேன். எத்தனையோ மாதமாகப் பானெட்டுக்குள் தேடியது இங்கே கிடந்தது.

அக்கா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். ஒயரையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார்.

“அப்ப மாமாவ பஸ்ல அனுப்பிடலாமா?”

நாகராஜ் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. “ஒயருதான் போல” என்று மட்டும் சொன்னார். அக்கா கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஊத்தங்கரை போய்ச் சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. பழத்தட்டைப் பெண் வீட்டார் கையில் கொடுத்தது அக்காதான். நாகராஜ் கொடுக்கச் சொன்னான். யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நாகராஜ் மகனோடு பெங்களூரில் இருக்கிறான். மாமா போய்ச் சேர்ந்தார், சில வருடங்கள் கழித்து அக்காவும்.

போன மாதம் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, அக்கா பையோடு இறங்கி நடந்த இடம் எது என்று பார்த்துக்கொண்டே போனேன். சாலை அகன்று, புளியமரங்கள் எதுவும் மிஞ்சவில்லை. குருபரப்பள்ளி வந்ததா என்று டிரைவரைக் கேட்டேன்.

“அது தாண்டியாச்சு சார்” என்றார்.