மோசஸ் கொண்டுபோன போத்தல்

சாம்பியாவிலிருந்து மோசஸ் எங்கள் தேன் கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று கேட்டதுமே எனக்கு நினைவுக்கு வந்தது, போத்தல் முன்பக்கத்தில் நாங்கள் ஒட்டியிருந்த அவர் படம்தான்.

ஜெர்மனியின் ஹம் நகரில் சுதன் நடத்தும் சின்னக் கூடம் அது. தேனைச் சூடாக்கி, வடித்து, போத்தலில் அடைப்பது என் வேலை. தேனை அனுப்புவது மோசஸின் ஊர்ச் சங்கம். மரப்பட்டையைச் சுருட்டிக் கூடு செய்து உயரக் கிளையில் வைப்பார்கள். புல்லைக் கொளுத்திப் புகை காட்டித் தேன் எடுப்பார்கள். அதனால் தேனில் புகை மணம் நிற்கும். இங்குள்ள கடைக்காரர்களோ, புகையில் வாட்டிய பன்றியிறைச்சி போல மணக்கிறது என்று முறைப்பாடு செய்தார்கள்.

"அண்ணை, சனத்துக்குப் பிடிக்கேல்லை. வேற இடத்திலை வாங்கின வெளிறின தேன் பாதி கலந்து விடுங்கோ" என்றார் சுதன். கலந்தேன். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'கலவை' என்று போட்டோம். சட்டத்தில் பிழையில்லை. முன்பக்கத்துப் படத்தில் மோசஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்த அன்று சுதன் என் காதுக்குள் சொன்னார்: "ஆளுக்குக் கலக்காததைக் குடுங்கோ. வந்த மனுசனை நோகடிக்க ஏலாது."

வீட்டில் என்ன குறை இருந்தாலும் விருந்தாளிக்கு நல்ல கோப்பையை எடுத்து வைக்கிற ஆட்கள் நாங்கள். பீப்பாயிலிருந்து நேரே ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தேன். ருசித்தவரின் முகம் மலர்ந்தது.

"ஊரில் பாதிப் பேர் உள்ளூரில் மது காய்ச்சுபவர்களுக்கே தேனை விற்போம் என்கிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "ஜெர்மன்காரர் நம் தேனை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லித்தான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறேன்."

நான் கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனேன்.

புறப்படும்போது, தன் படம் போட்ட போத்தல் ஒன்றை அவரே அடுக்குத் தட்டிலிருந்து எடுத்தார். திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது யாருடைய தேன்?"

சுதன் என்னைப் பார்த்தார். "கலந்தது. நான்தான் கலந்தேன்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

மோசஸ் போத்தலைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப கலக்காததிலை ஒரு போத்தல் நிரப்பித் தாறன், ஊருக்குக் கொண்டு போகட்டும்" என்றார் சுதன். நான் மொழிபெயர்த்தேன். மோசஸ் தலையசைத்து மறுத்தார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சரக்கு பிடிக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னால், முதலில் அதை எடுத்தவரிடம் சொல்லுங்கள். அவருக்கு நோகும்தான். ஆனால் என்ன செய்வது என்று யோசிக்க அவருக்கும் ஒரு வழி இருக்கும். அந்த வழியை நாங்கள் அடைத்துவிட்டோம்.

கலந்த போத்தலைத் தன் சட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தபடி மோசஸ் சொன்னார்: "இதை ஊரார் ருசித்துப் பார்க்கட்டும். இவ்வளவு நாளும் நான் சொன்னது பொய் என்று வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது."